பழைய தேக்கு ஜன்னலைப் பெயர்க்க வேண்டாம், உள்ளே ஒரு கண்ணாடி போதும்

(காட்சி: மதுரை மாசி வீதிப் பக்கம் ஒரு பழைய வீடு. மாடி அறை, கம்பி போட்ட தேக்கு ஜன்னல், கண்ணாடி பதித்த கதவுகள்.)

வணக்கம். ஏசியை இப்போதுதான் நிறுத்தினேன், ஃபேனும் ஓடவில்லை. ஊதுபத்தியை ஜன்னலின் கீழ் ஓரத்தில் பிடிக்கிறேன், பாருங்கள். மேலே போக வேண்டிய புகை, இரண்டு கதவும் சேரும் இடுக்கில் வளைந்து நுழைகிறது. குளிர்ந்த காற்று கனமானது; கீழ் இடுக்கு வழியாக நழுவிவிடும். அது விட்ட இடத்தை நிரப்ப, மேல் இடுக்கு வழியாக வெக்கை வரும். கரண்ட் பில்லில் ஒரு பங்கு இப்படித்தான் தெருவுக்குப் போகிறது.

இதற்காக ஜன்னலையே பெயர்த்துவிட்டு யுபிவிசி என்கிற கெட்டி பிளாஸ்டிக் ஜன்னல் போடச் சொல்கிறார்கள். எனக்கு மனசு வரவில்லை. இந்த மரத்தில் இன்னும் ஒரு பூச்சி அரிப்பு இல்லை.

இங்கிலாந்தில் பழைய வீடுகளின் ஜன்னலை மாற்றாமல் உள்பக்கம் இன்னொரு கண்ணாடி வைப்பார்கள். செகண்டரி கிளேசிங் என்று பெயர். அங்கே குளிருக்கு, நமக்கு வெயிலுக்கு. வேலை செய்வது நடுவில் அடைபட்ட காற்றுதான். மீன் கொண்டுவரும் தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் சீக்கிரம் கரையாததும் அதனால்தான். உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தால், ஒற்றைக் கண்ணாடியில் சதுர மீட்டருக்குச் சுமார் 5.7 வாட் வெப்பம் கடக்கும். இரண்டானால் ஏறக்குறைய பாதி. இடைவெளி 2 செ.மீ. இருந்தால் போதும், தெருச் சத்தமும் குறைய வேண்டுமென்றால் 10 செ.மீ. வரை விடலாம்.

ஆனால் ஒன்று. நேர் வெயிலை இரண்டு கண்ணாடியும் சேர்ந்தாலும் தடுக்காது. மேற்குப் பார்த்த ஜன்னலுக்கு வெளியே முதலில் மூங்கில் தட்டி கட்டுங்கள். மொட்டை மாடி வெறும் தளமாக இருந்தால் கைக்காசை அதில் வெள்ளை அடிக்கப் போடுங்கள், கண்ணாடி அப்புறம். கத்திரி வெயிலில் மேல்தளம் இறக்கும் சூட்டுக்கு முன்னால் ஜன்னல் ஒன்றுமே இல்லை.

(காட்சி: ஆசாரி டேப் பிடித்து அளக்கிறார்.)

சரி, செய்முறை. முதலில் கதவு இடுக்கில் ஃபோம் டேப். அப்புறம் கம்பிக்கு உள்பக்கம் நிலையைச் சுற்றி மெல்லிய ரீப்பர் மரச் சட்டம் அடித்து, அதிலும் ஷீட்டின் ஓரத்திலும் காந்தப் பட்டை ஒட்டி, கண்ணாடிக்குப் பதிலாக அக்ரிலிக் ஷீட்டைப் பொருத்த வேண்டும். வெல்க்ரோ கொசுவலை மாட்டுகிற மாதிரிதான். பழைய நிலை எதுவும் சதுரமாக இருக்காது. அதனால் அகலத்தை மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் அளந்து, குறைந்த அளவை எடுங்கள். வெயிலில் அக்ரிலிக் விரியும். சுற்றிலும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் குறைத்தே வெட்டச் சொல்லுங்கள்.

ஏசி இருக்கிற அறைக்கு மட்டும் போதும். இப்படி அடைத்த அறையில் கொசுவத்தி கொளுத்தவே கூடாது.

இராத்திரி வெளிக்காற்று குளிர்ந்ததும் நான் ஷீட்டைக் கழற்றிக் கட்டிலுக்குப் பின்னால் சாய்த்துவிட்டு, கம்பிக்குள் கைவிட்டுக் கதவைத் திறந்துவிடுவேன். விடியும்வரை ஏசி தேவைப்படுவதில்லை.