திருவிழாக் காசும் தகரக் கப்பலும்

பெரியோர்களே, தாய்மார்களே, முன்வரிசையில் பாயில் அமர்ந்திருக்கும் குழந்தைகளே, அனைவருக்கும் என் வணக்கம்.

பழைய காலத்துப் பண்டிகைப் பரிசுகளைப் பற்றிப் பேசுமாறு என்னை அழைத்திருக்கிறார்கள். திருநெல்வேலிச் சீமையில் 1960-களில் வளர்ந்த எனக்குப் பரிசு என்றதும் நினைவுக்கு வருவது பொம்மை அன்று, காசுதான். ஆனித் தேரோட்டத்துக்கு நெல்லையப்பர் கோயிலுக்குப் புறப்படும் வேளையில் தாத்தாவும் ஆச்சியும் பெரியப்பாவும் ஆளுக்கொரு நாணயத்தைப் பிள்ளைகளின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கி மூடிவிடுவார்கள். அதற்குத் திருவிழாக் காசு என்று பெயர். 1957-இல் தசம நாணயம் வந்து, ரூபாய்க்கு 16 அணா என்ற கணக்குப் போய்விட்ட பிறகும் 25 பைசாவை நாங்கள் நாலணா என்றுதான் சொன்னோம். நாலணா கையில் இருந்த பிள்ளைக்கு அன்றைய ரதவீதி முழுவதும் தனக்காகவே விரித்து வைத்த கடையாகத் தெரியும்.

அந்தக் காசைக் கொண்டு எதை வாங்குவது என்பதைப் பிள்ளையே முடிவுசெய்தது என்பதை நான் பெரிதாகக் கருதுகிறேன். வாங்குபவர் குழந்தை என்பதால், சாக்கை விரித்துக் கடைபோட்டவர் அக்குழந்தையின் கண்முன்னே பொருளை இயக்கிக் காட்டியாக வேண்டியிருந்தது. பனையோலைக் கிலுகிலுப்பையை ஆட்டிக் காட்டினார். காகிதக் காற்றாடியை வீசும் காற்றுக்கு நேரே பிடித்துக் காட்டினார். தலையாட்டிப் பொம்மையைத் தரையோடு சாய்த்து விட்டு, அது தானே எழுந்து நிற்பதைக் காட்டினார். தஞ்சாவூரில் செய்யப்பட்ட அப்பொம்மையின் அடிப்பாகம் கனத்த களிமண். மேற்பாகம் காகிதக் கூழ். எடை முழுவதும் கீழே குவிந்திருப்பதால் அதை வீழ்த்த முடியாது என்பதை எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. உடைந்த பொம்மையின் உள்ளே பார்த்து நாங்களே தெரிந்துகொண்டோம்.

பெண்பிள்ளைகள் கேட்டது சொப்புச் சாமான். அம்பாசமுத்திரத்துக் கடைசல் பட்டறைகளில் செய்த அடுப்பு, குடம், உரல், உலக்கை, திருகை, அம்மி, குழவி எல்லாம் ஓர் ஓலைப்பெட்டிக்குள் அடங்கியிருக்கும். பட்டறை வாசலில் நின்று அவை உருவாவதைப் பார்த்திருக்கிறேன். மஞ்சள் கடம்ப மரத்துண்டு சுழன்றுகொண்டிருக்கும். உளி பட்டதும் சுருள் சுருளாகச் சீவல் பறந்து, ஒரு குடத்தின் கழுத்து தோன்றும். பிறகு சிவப்பு அரக்குக் குச்சியை அந்தச் சுழலும் குடத்தின்மீது அழுத்துவார்கள். நெருப்பே இல்லாமல், உரசும் சூட்டிலேயே அரக்கு உருகி மரத்தில் ஏறும். தாழை ஓலையை வைத்துத் தேய்த்ததும் கண்ணாடிபோல் மின்னும். ஆள்காட்டி விரல் உயரம்கூட இல்லாத அந்தக் குடத்துக்குப் பெரிய குடத்துக்குரிய வயிறும் கழுத்தும் விளிம்பும் குறைவில்லாமல் இருக்கும். நவராத்திரி வந்தால் இதே சொப்பு, செம்மரத்தில் கடைந்த மரப்பாச்சித் தம்பதியருக்கு அருகில் கொலுப்படி ஏறும். கொலு முடிந்ததும் மறுபடியும் திண்ணைக்கு வந்து, மண்ணையும் வேப்பிலையையும் சமைக்கத் தொடங்கிவிடும்.

ஆனால் என் காசு எப்போதும் தகரக் கப்பலுக்கே போனது. இதோ மேசைமேல், நீர் நிரப்பிய இந்தத் தாம்பாளத்தின் அருகில் வைத்திருக்கிறேன். இது புதிதாக வாங்கியது. என்னுடையது துருப்பிடித்துப் போய் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. இந்தப் பொறிக்கு 1891-இல் பிரிட்டனில் தாமஸ் பியோ என்பவர் காப்புரிமை பெற்றார். உள்ளே இருக்கும் கொதிகலன் தீப்பெட்டியைவிடச் சிறியது. அதிலிருந்து இரண்டு மெல்லிய குழாய்கள் கப்பலின் பின்பக்கமாக நீருக்குள் இறங்குகின்றன. முதலில் குழாய் வழியே நீரைச் செலுத்தி நிரப்ப வேண்டும். பல பிள்ளைகளின் கப்பல் நகராமல் நின்றதற்கு இதை மறந்ததே காரணம். எண்ணெயில் நனைத்த திரியைக் கொதிகலனுக்கு அடியில் ஏற்றி வைத்தால், உள்ளே நீர் ஆவியாகி, குழாயிலுள்ள நீரைப் பின்னோக்கித் தள்ளுகிறது. தள்ளிய ஆவி குழாயின் குளிர்ச்சியில் மறுபடி நீராகச் சுருங்க, வெளிநீர் உள்ளே இழுபடுகிறது. வெளியேறும் நீர் ஒரே திசையில் பாய்கிறது. உள்ளே வரும் நீரோ நாலாபுறமிருந்தும் வருகிறது. ஆகையால்தான் கப்பல் நின்ற இடத்திலேயே தத்தளிக்காமல் முன்னே செல்கிறது. கொதிகலனின் மெல்லிய மேல்தகடு உப்பியும் அமுங்கியும் எழுப்புவதே அந்த டப்டப் ஓசை.

அக்காலத்தில் எல்லாம் நன்றாக இருந்தது என்று சொல்ல நான் வரவில்லை. தகரத்தின் விளிம்பு விரலைக் கிழிக்கும். திருவிழாக் காசு கிடைக்காமல் கடைவாசலில் பார்த்துக்கொண்டே நின்ற பிள்ளைகள் எங்கள் தெருவிலேயே இருந்தார்கள். என் அக்கா ஒவ்வோர் ஆண்டும் கப்பல் கேட்டாள். பெண்பிள்ளைக்குக் கப்பல் எதற்கு என்று சொல்லி அவள் கையிலிருந்த காசைச் சொப்புக் கடைக்காரரிடம் நீட்ட வைத்தார்கள். என் கப்பலுக்கு நீர் நிரப்பித் தந்ததும், காற்றில் அணையாமல் திரியை ஏற்றித் தந்ததும் அவள்தான்; நான் அதைத் தண்ணீரில் விட்டேன், அவ்வளவே. குழந்தையின் விருப்பத்துக்கு விட்ட காசு என்று சற்றுமுன் பெருமையாகச் சொன்னேன். அந்தப் பெருமையில் அக்காவுக்குப் பங்கு தரப்படவில்லை என்பதையும் இந்த மேடையிலேயே சொல்லிவிட வேண்டும்.

குழாய்களில் நீரை நிரப்பிவிட்டேன். திரியும் நனைந்திருக்கிறது. இரண்டாம் வரிசையில் அமர்ந்திருக்கும் என் அக்கா மேடைக்கு வந்து இதை ஏற்றித் தருவார். குழந்தைகள் தாம்பாளத்தைச் சுற்றி வந்து நிற்கலாம். அந்த மின்விசிறியை மட்டும் யாராவது நிறுத்திவிடுங்கள்.