பாட்டிக்குப் புரிய வேண்டாமா?

(சிங்கப்பூரில் எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் பேசியது. மேடையில் விட்டுப்போன ஓரிரு வரிகளை எழுதும்போது சேர்த்துக்கொண்டேன்.)

தலைவர் அவர்களே, அடித்தள ஆலோசகர் அவர்களே, நற்பணிக் குழு உறுப்பினர்களே, கோலப் போட்டிக்கு வந்து நடுவராக இருந்துவிட்டு இதற்கும் உட்கார்ந்திருக்கும் அம்மையார் அவர்களே, வாசலிலேயே என்னை நிறுத்தி "சார், வடை ஆறிடும், சுருக்கமாப் பேசுங்க" என்று சொன்ன செயலாளர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் இளம் மருத்துவர்களே, கடைசி வரிசைப் பாட்டிகளே, அனைவருக்கும் வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் எனக்கு 72 வயது, மன்னித்துவிடுங்கள்.

குழந்தைகளின் இதய மருத்துவத்துக்கு எப்படிப் பயிற்சி தருகிறார்கள், அண்டை நாடுகளிலிருந்து யார் இங்கே வந்து கற்கிறார்கள், செலவு எவ்வளவு என்று மூன்று விஷயம் பேசச் சொன்னார்கள். பேசுகிறேன். ஆனால் நான் தமிழாசிரியர். எங்கே தொடங்கினாலும் 'சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம்' என்பதில்தான் போய் நிற்பேன். என் மாணவர்கள் இரண்டு பேர் இங்கே சிரிக்கிறார்கள், பாருங்கள்.

பிறக்கும் 100 குழந்தைகளில் ஏறக்குறைய ஒன்றுக்கு இதயத்தில் ஏதோ ஒரு பிறவிக் குறை இருக்கிறது. பிறந்த குழந்தையின் இதயம் அதன் மூடிய கை அளவுதான். அது நிமிடத்துக்கு 140 தடவை துடிக்கும், குழந்தையோ வீறிட்டு அழும், காலை உதைக்கும். அந்த நேரத்தில் ஜெல் தடவி, ஒலி அலையால் இதயத்தைப் படமாகக் காட்டும் எக்கோ கருவியை நெஞ்சில் வைத்து, எந்த அறையிலிருந்து ரத்தம் எங்கே போகிறது என்று திரையில் பிடிக்க வேண்டும். பெரியவர்களுக்கு எக்கோ பார்த்தவர் வந்தால்கூட இங்கே முதலிலிருந்து கற்க வேண்டும். அமெரிக்காவில் மருத்துவப் படிப்பு முடிந்த பின் குழந்தைநலத்துக்கு 3 ஆண்டு, அதற்கு மேல் குழந்தை இதயத்துக்கு இன்னும் 3 ஆண்டு. எக்கோவும் ஒரு சித்திரம்தானே? கைப்பழக்கம்!

கைப்பழக்கம் என்றதும் விவியன் தாமஸ் கதையைச் சொல்லாமல் விட முடியாது. செயலாளர் மணிக்கட்டைப் பார்க்கிறார், பரவாயில்லை. தச்சரின் மகன், அமெரிக்கக் கறுப்பர். கல்லூரிக்குச் சேர்த்த காசெல்லாம் பொருளாதார மந்தத்தில் வங்கியோடு போய்விட்டது. வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் அறுவை மருத்துவர் பிளேலாக்கின் ஆய்வுக்கூடத்தில் வேலை, சம்பளப் பட்டியலில் துப்புரவாளர் வரிசை. பிறகு அவரோடு ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்கு வந்தார். அங்கே ஹெலன் டாசிக் என்று ஒரு அம்மா, குழந்தை இதய மருத்துவத்துக்கே தாய் மாதிரி. காது மங்கிப்போனதால் குழந்தையின் நெஞ்சில் விரலை வைத்தே துடிப்பை அறிந்தவர். நீலம் பாரித்துச் சாகும் குழந்தைகளுக்கு நுரையீரலுக்கு இன்னும் கொஞ்சம் ரத்தம் போக வழி செய்ய முடியுமா என்று அவர்தான் கேட்டார். தாமஸ் நாய்களை வைத்து மாதக்கணக்கில் ரத்தக் குழாயைத் தைத்துத் தைத்துப் பார்த்தார். 1944 நவம்பர் 29, ஐலீன் சாக்சன் என்ற 15 மாதக் குழந்தை மேசையில். கத்தி பிளேலாக் கையில். அவருக்குப் பின்னால் ஒரு படிக்கட்டை ஸ்டூல் போலப் போட்டு ஏறி நின்று, "அப்படி இல்லை, இப்படி" என்று காதில் சொல்லிக்கொண்டே இருந்தவர் தாமஸ்! மருத்துவப் பட்டமே இல்லாதவர். அந்தக் குழந்தை சில மாதம்தான் இருந்தது, ஆனால் அடுத்தடுத்து வந்த குழந்தைகள் ரோஜா நிறத்துக்கு மாறியதைப் பார்த்து உலகமே திரும்பியது. 1976இல் தாமஸுக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தார்கள், அதுவும் எதில் தெரியுமா? சட்டத்தில்! (கைதட்டல், அப்புறம் சிரிப்பு.)

சரி, கை முடிந்தது. நா?

என் பேத்தி பிறந்தபோது மருத்துவர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துவிட்டு முகம் மாறினார். பயிற்சியில் இருந்த பெண், தமிழ்ப் பெண்தான், பெயர் அட்டையிலேயே தெரிந்தது. மகனிடம் ஆங்கிலத்தில் எல்லாம் அழகாக விளக்கினார். என் மனைவி கையைப் பிசைந்துகொண்டு நிற்பதைப் பார்த்து, அதற்கும் மனம் வந்து, "பாட்டி, பாப்பா ஹார்ட்ல ஓட்டை, சத்தம் ரொம்பப் பெருசு, பட் ஓகே" என்றார். என் மனைவிக்குக் காதில் விழுந்தது ஓட்டையும் பெருசும் மட்டும். நடைபாதையிலேயே சுவரைப் பிடித்து உட்கார்ந்துவிட்டாள். ஒரு வயதான தாதி வந்து குனிந்து, "அம்மா, தண்ணிக் குழாயை விரலால பாதி அடைச்சா சீறுமா, முழுசாத் திறந்தா சீறுமா? சின்ன ஓட்டைதான் அதிகம் சத்தம் போடும். தானா மூடிக்கவும் கூடும்" என்றார். மூடியது, இரண்டு வயதுக்குள். அந்த மருத்துவர் மருத்துவத்தில் ஒரு தப்பும் செய்யவில்லை. குழாய் உதாரணம் ஒன்று அவர் நாவில் இல்லை, அவ்வளவுதான்.

ஆங்கிலத்தில் இந்த விளக்கத்தைப் பயிற்சியில் நூறு தடவை சொல்லிப் பார்க்கிறார்கள், தமிழில் ஒரு தடவையாவது சொல்லிப் பார்க்கிறார்களா? அதிகாரத்துவ மொழி நான்கில் ஒன்று நம்முடையது, படிவத்தில் மட்டும் இருந்தால் போதுமா? வீட்டில் பிள்ளைகளிடம் பேசாத நமக்கும் இதில் பங்கு உண்டு, ஆலோசகர் கோபித்துக்கொள்ளக் கூடாது, அவர் வீட்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அண்டை நாட்டு மருத்துவர்களைப் பற்றியும் செலவைப் பற்றியும் சொல்ல நேரமில்லை, மணி அடித்துவிட்டார்கள். ஆனால் ஒன்று. சனிக்கிழமை காலை 10 மணிக்கு மாடி அறையைக் கேட்டு வாங்கியிருக்கிறேன். முன்வரிசை மருத்துவர்கள் வருவார்கள். எதிரில் உட்கார்ந்து "புரியலையே, இன்னொரு தடவை சொல்லு தம்பி" என்று கேட்கப் பாட்டிகள் வேண்டும். நாப்பழக்கம்! வடைத் தட்டுக்குப் பக்கத்தில் தாள் இருக்கிறது, பேனா கட்டித் தொங்குகிறது. மஞ்சள் சேலைப் பாட்டி, உங்களுக்குத்தான் குரல் நன்றாக இருக்கிறது, முதல் பெயர் நீங்கள் எழுதுங்கள்.