மூன்று நாள் பொங்கிய தாரை

நேயர்களுக்கு வணக்கம்.

2019 ஏப்ரலில் வெளியான கருந்துளைப் படத்தை உங்களில் பலர் பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள். இருட்டைச் சுற்றி ஓர் ஆரஞ்சு வளையம். ஆரஞ்சு நிறம் படம் செய்தவர்கள் பூசியது; படம் எடுத்தது ரேடியோ அலையில். ரேடியோ அலைக்கு ஏது நிறம்? எம் 87 என்ற விண்மீன் மண்டலத்தின் நடுவில் உள்ள கருந்துளை அது. தொலைவு சுமார் 5.5 கோடி ஒளியாண்டு. நிறை ஏறத்தாழ 650 கோடி சூரியன்கள்.

அந்தப் படத்தில் எனக்கு ஒரு குறை. எம் 87க்குப் பெயர் வாங்கிக் கொடுத்த தாரை அதில் இல்லை. 1918இலேயே ஹீபர் கர்டிஸ் என்ற அமெரிக்க வானியலாளர், அந்த மண்டலத்தின் மையத்திலிருந்து நேராக ஒரு கீற்று நீள்வதைக் கண்டு எழுதிவைத்தார். கருந்துளையை நோக்கி விழும் பொருளில் கொஞ்சம் காந்தப்புலத்தில் அகப்பட்டு, ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் வெளியே வீசப்படுகிறது என்று இன்று சொல்கிறோம். ஆயிரக்கணக்கான ஒளியாண்டு நீளமான அந்தத் தாரை 2019 படத்தில் எங்கே போனது?

அந்தப் படம் 1.3 மில்லிமீற்றர் அலைநீளத்தில் எடுத்தது. 2023இல் 3.5 மில்லிமீற்றரில் எடுத்த இன்னொரு படம் வந்தது. அதில் வளையமும் தாரையின் அடியும் சேர்ந்தே தெரிந்தன, வளையமும் பெரிதாகியிருந்தது. அலைநீளம் இரண்டு மில்லிமீற்றர் சொச்சம் மாறியதற்கே இந்த வித்தியாசம்.

எக்ஸ் கதிருக்குப் போனால் கதை இன்னும் மாறும். தாரையில் இலத்திரன்கள் காந்தப்புலத்தைச் சுற்றிச் சுழன்று ஒளிர்கின்றன. எக்ஸ் கதிர் தரும் அளவுக்குச் சக்தி கொண்டவை அதைச் சீக்கிரம் இழந்துவிடும். மையத்தில் புறப்பட்ட இலத்திரன் ஆயிரம் ஒளியாண்டு தாண்டி எக்ஸ் கதிர் வீச வழியே இல்லை. ஆனால் அவ்வளவு தூரத்திலும் சந்திரா விண்தொலைநோக்கி எக்ஸ் கதிரில் ஒளிரும் பொட்டுகளை, முடிச்சுகளை, காண்கிறது. அப்படியானால் வழியிலேயே அவற்றுக்கு மறுபடி சக்தி ஏறுகிறது. ரேடியோ படத்தை மட்டும் வைத்துக்கொண்டு இதை ஊகித்திருக்க முடியாது.

சரி, காமா கதிர்? 2018 ஏப்ரலில் இருபதுக்கும் மேற்பட்ட தொலைநோக்கிகள், தரையிலும் விண்வெளியிலுமாக, எம் 87ஐ ஒரே காலத்தில் கவனித்தன. அப்போது காமா கதிர் திடீரெனப் பொங்கி, சுமார் மூன்று நாளில் அடங்கியது. இதில்தான் அழகான கணக்கு இருக்கிறது. மூன்று நாளில் ஏறி இறங்கும் ஒளி, மூன்று நாளில் ஒளி கடக்கும் தூரத்தைவிடப் பெரிய இடத்திலிருந்து வர முடியாது; இடம் பெரிதென்றால் அதன் இரு ஓரத்து ஒளியும் வெவ்வேறு நாளில் வந்து, ஏற்ற இறக்கம் நீண்டுவிடும். படத்தில் பிடிபடாத அந்தச் சிறு இடத்தைக் கடிகாரம் அளந்துவிட்டது!

ஆனால் இத்தனை கருவிகளை ஒன்றாகத் திருப்புவது பெரிய தலையிடி. ரேடியோத் தட்டுக்குப் பகலும் சரி, இரவும் சரி. எக்ஸ் கதிரை வளிமண்டலம் விடாது, செய்மதி வேண்டும். உச்சச் சக்திக் காமா கதிரோ காற்றில் மோதி நொடியின் நூறு கோடியில் சில பங்கு நேரம் நீல ஒளியாய் மின்னும்; அதைப் பிடிக்க மேகமில்லாத, நிலவொளி குறைந்த இரவு வேண்டும். நம் பக்கத்தில் லடாக்கின் ஹான்லேயில் இப்படி ஒரு கருவி, 21 மீற்றர் விட்டத்தில், நிற்கிறது. ரேடியோவுக்குப் பூனே அருகே 30 பெரிய தட்டுகள் இருக்கின்றன.

சில மண்டலங்களின் தாரை நேராக நம்மை நோக்கியே இருக்கும். இரவில் மூதூர்ப் பக்கமிருந்து வரும் வள்ளத்தின் டோர்ச் முகத்தில் அடிப்பதுபோல, அவை அளவுக்கு மீறிப் பிரகாசிக்கும். இவற்றை பிளேசர் என்பார்கள். ஒரு பிளேசர் காமா கதிரில் பொங்கியிருந்த காலத்தில்தான், 2017 செப்டெம்பர் 22 அன்று, அது இருக்கும் திசையிலிருந்து வந்த ஒரு நியூட்ரினோ, எதையும் ஊடுருவிப் போகக்கூடிய நுண்துகள், தென்துருவப் பனிக்கட்டிக்குள் பதிவானது. ஒளியே இல்லாத சாட்சி அது.

வைகாசியில் இரவு ஒன்பது மணிபோல, எம் 87 திருகோணமலைக்கு ஏறக்குறைய நேர்மேலே நிற்கும். உப்புவெளிக் கரையில் சிறிய தொலைநோக்கி வைத்தால் ஒரு மங்கல் பொட்டுத்தான் கிடைக்கும், தாரை தெரியாது. உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும் பிள்ளைகளுக்கு வேறு வழி உண்டு. ஃபெர்மி செய்மதியின் காமா கதிர்த் தரவுகளை நாசா எல்லோருக்கும் இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறது. கணினியும் கொஞ்சம் பைத்தன் நிரல்மொழி அறிவும் இருந்தால், விரும்பிய பிளேசரின் ஏற்ற இறக்கத்தை வீட்டிலிருந்தே வரைந்து பார்க்கலாம்.