மூலையில் உப்பு பூத்திருக்கிறதா? சின்ன மரைன் டேங்க் வைத்திருப்பவர்களுக்கு

வணக்கம். இன்றைக்கு மீனையும் பவளத்தையும் விட்டுவிட்டு, கண்ணாடியின் மூலையைக் காட்டப் போகிறேன். நண்பர் வீட்டு மரைன் டேங்க் இது, அதாவது கடல் நீரில் மீனும் பவளமும் வளர்க்கிற கண்ணாடித் தொட்டி. நீளம், அகலம், உயரம் எல்லாமே ஒரு அடி. மேலே கண்ணாடியை இறுக்கிப் பிடிக்கிற பட்டை கிடையாது. கேமராவை இன்னும் கிட்டே கொண்டுபோகிறேன். அடியிலிருந்து நாலு விரல் உயரத்தில், இரண்டு கண்ணாடி சேரும் இடத்தில், வெளிப்பக்கம் கடுகளவு வெள்ளையாக உப்பு பூத்திருக்கிறது. தெரிகிறதா?

நன்னீர் டேங்க்காக இருந்தால் இவ்வளவு சின்னக் கசிவு பெரும்பாலும் தெரியாது, வந்த ஈரம் அப்படியே காய்ந்துவிடும். கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு தங்கிவிடும். அதனால்தான் மரைன் டேங்க்கில் நமக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. அதைக் கவனிக்காமல் துடைத்துவிட்டுப் போகிறோமே, அதுதான் எனக்கு வருத்தம்.

ஆனால் உப்பைப் பார்த்ததும் பதற வேண்டாம். குமிழி வெடித்துத் தெறிக்கிற தண்ணீரும் மேல் விளிம்பில் உப்பாகப் படியும், அது கோடு கோடாகக் கீழேயும் இறங்கும். நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் சுத்தமாகத் துடையுங்கள். காய்ந்ததும் அந்த மூலையில் மேலிருந்து கீழ் வரை டிஷ்யூ பேப்பரை ஒட்டிவிட்டு, மறுநாள் பாருங்கள். மேலே மட்டும் ஈரம் என்றால் தெறிப்பு. நடுவில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப நனைந்தால் ஒட்டு விடுகிறது என்று அர்த்தம்.

‘சின்ன டேங்க்தானே, என்ன அழுத்தம் வந்துவிடப் போகிறது?’ என்று பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. விளிம்பு வரை நிரப்பினால் இதன் ஒவ்வொரு பக்கக் கண்ணாடியையும் தண்ணீர் வெளியே தள்ளுகிற விசை சுமார் 14 கிலோ எடைக்குச் சமம். அதே அகலத்தில் உயரத்தை மட்டும் இரண்டு மடங்காக்கினால் அது நாலு மடங்காகும். 14 கிலோ என்பது, கண்ணாடிகளை ஒட்டுகிற சிலிக்கான் பசை ஒழுங்காகப் பிடித்திருந்தால், அதற்கு ஒன்றுமே இல்லை. உப்பும் சிலிக்கானை அரிக்காது. அப்புறம் ஏன் விடுகிறது? பிடிமானம் சரியில்லாததால். ஒட்டும்போது கண்ணாடியில் விரல் எண்ணெய் இருந்திருக்கும். இல்லையென்றால் சிலிக்கான் மேலே தோல் கட்டிய பிறகு கண்ணாடியை வைத்திருப்பார்கள். ஸ்டாண்டின் ஒரு கால் தாழ்ந்து, டேங்க் முறுக்கிக்கொண்டும் நிற்கலாம். பாசி சுரண்டுகிற பிளேடு மூலையில் உள்பக்க சிலிக்கானைக் கீறுவதும் உண்டு. மரைனில் கல் மாதிரி ஒட்டுகிற ஊதாப் பாசிக்காக நாம் பிளேடை அழுத்தித்தான் இழுக்கிறோம். தயவுசெய்து மூலையிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளியே நிறுத்துங்கள்.

சரி, டார்ச் அடிக்கிறேன். கண்ணாடி வழியாகச் சாய்வாக ஒட்டைப் பாருங்கள். நல்ல இடம் ஒரே நிறமாக இருக்கிறது. இங்கே மட்டும் வெள்ளிக் காகிதம் மாதிரி மின்னுகிறது, உள்ளிருந்து வெளி விளிம்பு வரைக்கும். அங்கே சிலிக்கான் கண்ணாடியை விட்டுவிட்டது. நடுவில் தனியாக நிற்கிற ஒரு குமிழி என்றால் நான் பெரிதாகக் கவலைப்பட மாட்டேன். இது அப்படி இல்லை.

இதற்கு மேலே கொஞ்சம் சிலிக்கான் தடவினால் போதுமா என்றால், போதாது. பழைய சிலிக்கானோடு புதியது சரியாக ஒட்டாது. மூலையின் உள்பக்கம் தடவிய சிலிக்கான் வரி மட்டும் கீறியிருந்தால் அதை முழுக்க உரித்து, பிளேடால் சுரண்டி, ஆல்கஹாலால் துடைத்துப் புதிதாகப் போடலாம். இரண்டு கண்ணாடிக்கும் நடுவிலேயே ஒட்டு விட்டிருந்தால் கண்ணாடியைப் பிரித்துத்தான் ஒட்ட வேண்டும். குளியலறை சிலிக்கான் வேண்டவே வேண்டாம், அதில் பூஞ்சைக் கொல்லி இருக்கிறது. சென்னையில் மீன் தொட்டிக் கடைகள் நிறைந்த கொளத்தூர்ப் பக்கம் அளவு சொல்லி டேங்க் செய்து வாங்குபவர்கள், என்ன சிலிக்கான், எந்தத் தேதியில் ஒட்டியது என்று கேட்டு வாங்குங்கள். ஒட்டி ஒரு வாரமாவது ஆகியிருக்கட்டும். வீட்டில் முதலில் சாதாரணத் தண்ணீரை நிரப்பிச் சில நாள் வைத்துப் பாருங்கள்.

இந்தக் கசிவில் நான் அதிகம் பயப்படுவது கீழே இருக்கிற அலமாரியைப் பார்த்துத்தான். உப்புத் தண்ணீர் இறங்கினால் பார்ட்டிகிள் போர்டு உப்பி, ஒரு பக்கம் தாழும், டேங்க் இன்னும் முறுக்கும், கசிவு கூடும். உள்ளே பிளக் பாயிண்ட் இருந்தால் ஆபத்து வேறு. எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தரையில் போடாமல் பக்கச் சுவரில் உயரமாக மாட்டுங்கள், வயரில் வழிகிற தண்ணீர் பிளக்குக்குப் போகாமல் கீழே சொட்டும்படி வயரைத் தொங்கவிட்டு மேலேற்றுங்கள், மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி கட்டாயம் இருக்கட்டும்.

நண்பரிடம் பிரித்துவிடலாம் என்று சொல்லிவிட்டேன். மெயினை அணைத்துவிட்டு, கசிகிற இடத்துக்குக் கீழே வரும்வரை தண்ணீரை இறக்குகிறோம். அந்தத் தண்ணீரையே உணவுத் தர பிளாஸ்டிக் டப்பில் ஊற்றி, பாறை, பவளம், அப்புறம் கோமாளி மீன் இரண்டையும் மாற்றி, பம்ப்பை அதில் போடப் போகிறோம். சென்னை வெயிலுக்கு ஹீட்டர் தேவையில்லை, டப் மேலே ஒரு ஃபேன் போதும்.