அந்தப் பையன் எந்த வகுப்பில் படிக்கிறான்?

(பயிற்சி முடிக்கும் நிலையிலுள்ள உளவியலாளர்கள், சமூகப் பணியாளர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம். இன்னும் சில மாதங்களில் உங்கள் பெயருக்குப் பின்னால் பட்டம் சேரப்போகிறது. அந்த நேரத்தில் உங்களிடம் சொல்லியே ஆகவேண்டிய ஒன்று என்னிடம் இருக்கிறது. நான் செய்த ஒரு தவறிலிருந்து தொடங்குகிறேன்.

பட்டம் வாங்கி இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. உரிமமும் கையில் இருந்தது. உறவுக்காரக் குழந்தை ஒன்றிடம் பாலியல் அத்துமீறலில் ஈடுபட்டான் என்று நீதிமன்றம் முடிவு செய்த பதினான்கு வயதுப் பையனை என்னிடம் அனுப்பினார்கள். இந்த வேலைக்கென்று என்னிடம் இருந்த கையேடு ஒன்றுதான். அதுவும் வயது வந்த ஆண்களுக்காக எழுதப்பட்டது. அதை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு, நடந்ததற்கு முன் உன் மனத்தில் ஓடிய திட்டம் என்ன, எழுது என்று தாளை நீட்டுவேன். முதல் வாரம் 'தெரியாது' என்று எழுதினான். என் முகம் மாறியதை அவன் கவனித்திருக்க வேண்டும். நான்காவது வாரம் கையேட்டின் சொற்களையே எழுதிக் கொடுத்தான். 'நல்ல முன்னேற்றம்' என்று குறித்துக்கொண்டேன்.

மூன்று மாதம் கழித்து மூத்த மருத்துவர் ஒருவரிடம் கோப்பைக் கொடுத்தேன். நாற்பது பக்கங்களையும் பொறுமையாகப் புரட்டிவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "இந்தப் பையன் எந்த வகுப்பில் படிக்கிறான்?"

எனக்குத் தெரியவில்லை. கோப்பிலும் இல்லை. விசாரித்த பிறகுதான் அவனுக்கு வாசிப்பதில் கடுமையான சிரமம் இருந்தது தெரிந்தது. மேசையில் விரிந்துகிடந்த பக்கத்தை ஓரக்கண்ணால் பார்த்து, எழுத்து எழுத்தாகப் படியெடுத்திருக்கிறான். மூன்று மாதம் நான் கொடுத்தது சிகிச்சை அல்ல. பாதிக்கப்பட்ட குழந்தையைப் பாதுகாக்கவும் அது எந்த வகையிலும் உதவவில்லை.

என் பட்டமும் உரிமமும் போலியல்ல. ஆனால் இந்தப் பிள்ளைக்குச் சிகிச்சை தரும் தகுதி எனக்கு இல்லை. இரண்டும் ஒன்றென்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவனை என்னிடம் அனுப்பியவர்களும் அப்படியே நினைத்தார்கள்.

பாலியல் அத்துமீறலில் ஈடுபட்ட சிறாருக்குச் சிகிச்சை தரும் இந்தத் துறையே இதே தவறைச் செய்து வளர்ந்ததுதான். 1980-களிலும் 1990-களிலும், வயது வந்த குற்றவாளிகளுக்காக அமைத்த சிகிச்சையைச் சிறாருக்கு அப்படியே கொடுத்தார்கள். இவர்களைக் குணப்படுத்த முடியாது, வாழ்நாள் முழுவதும் கட்டுப்படுத்தத்தான் முடியும் என்ற எண்ணம் பரவலாக இருந்தது. ஆய்வுகள் வேறு படத்தைக் காட்டின. ஆய்வாளர் மைக்கேல் கால்டுவெல் 2016-இல் வெளியிட்ட பகுப்பாய்வு 106 தரவுத் தொகுப்புகளையும் 33,783 சிறாரின் வழக்குகளையும் ஒன்றாகப் பார்த்தது. சுமார் ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்ததில், மீண்டும் பாலியல் குற்றத்தில் சிக்கியவர்கள் சராசரியாக 5 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. 2000-க்குப் பிந்தைய ஆய்வுகளை மட்டும் எடுத்தால் 3 சதவீதத்துக்கும் கீழே. சிக்காமல் தப்பியவர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள் என்பது உண்மைதான். அப்படியும், 'ஒருமுறை செய்தவன் எப்போதும் செய்வான்' என்று அறிக்கையில் எழுத இந்த எண்கள் இடம் தரவில்லை.

அதற்காக இதைச் சின்ன விஷயம் என்று யாரும் ஒதுக்கிவிடக் கூடாது. அமெரிக்கக் காவல்துறைப் பதிவுகளை வைத்து டேவிட் ஃபிங்கெல்ஹோர் குழுவினர் 2009-இல் வெளியிட்ட அறிக்கைப்படி, குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்களைச் செய்ததாகக் காவல்துறைக்குத் தெரியவந்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் சிறாரே. அந்தக் கணக்கில் வரும் ஒவ்வொருவருக்கும் எதிரே ஒரு குழந்தை காயப்பட்டிருக்கிறது. சில நேரம் அது அதே வீட்டில், அடுத்த அறையில் உறங்கும் தங்கை. அண்ணன் எப்போது வீடு திரும்பலாம், திரும்பவே கூடாதா என்று பெற்றோர் கேட்பார்கள். தங்கைக்குச் சிகிச்சை தருபவரோடு பேசாமல் அதற்குப் பதில் சொல்கிறவர் என்ன பட்டம் வைத்திருந்தாலும் எனக்குப் பயமாக இருக்கிறது.

அப்படியானால் எது தகுதி? வளரிளம் பருவத்தை ஆழமாகப் படித்திருப்பது முதலில் வருகிறது. பத்து வயதில் வருவது என்ன, பதினாறில் வருவது என்ன, எது வயதுக்கேற்ற ஆர்வம், எது அத்துமீறல் என்று பிரித்தறியத் தெரியவேண்டும். கற்றல் குறைபாடு, ஆட்டிசம், அந்தப் பிள்ளையே அனுபவித்திருக்கக்கூடிய வன்முறை இவற்றைக் கண்டுகொள்ளும் கண் வேண்டும். பொதுவான குழந்தை மனநல அனுபவம் இல்லாமல் நேரே இந்தச் சிறப்புப் பிரிவுக்குள் நுழைவது, நீச்சல் பழகாதவர் வெள்ளத்தில் குதிப்பது போன்றது.

மதிப்பீட்டுக் கருவிகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், அதிகமான தீங்கு அங்கேதான் நடக்கிறது. மீண்டும் குற்றம் செய்யும் ஆபத்து எவ்வளவு என்று மதிப்பிடும் ஜே-சோப்-2 என்ற கேள்விப் பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். 12 முதல் 18 வயது வரையுள்ள ஆண் பிள்ளைகளுக்காக உருவாக்கப்பட்டது. அதைப் பெண் பிள்ளைக்குப் பயன்படுத்தி எண் போட்டால் அந்த எண்ணுக்குப் பொருளில்லை. குறைந்தது ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுமதிப்பீடு செய்யும்படி அதை உருவாக்கியவர்களே சொல்கிறார்கள், ஏனெனில் பிள்ளை மாறிக்கொண்டே இருக்கிறான். ஆனால் ஒரு பையனின் இரண்டு ஆண்டுப் பழைய மதிப்பெண்ணை நீதிமன்றத்தில் எடுத்து வைப்பதை நானே பார்த்திருக்கிறேன். அந்த ஒரு தாளில் அவன் பள்ளி, வீடு, எதிர்காலம் எல்லாம் தொங்கிக்கொண்டிருந்தன. கையெழுத்திட்டவர் அந்தக் கருவிக்கென்று ஒரு நாள் பயிற்சிகூடப் பெறாதவர். பொய் கண்டறியும் கருவியும் இப்படித்தான். பாலியல் அத்துமீறல் செய்தவர்களுக்குச் சிகிச்சை தருவோரின் பன்னாட்டுத் தொழில்முறைச் சங்கமான ஆட்சா வளரிளம் பருவத்தினருக்கென்று 2017-இல் தனி வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. சிறாரிடம் அந்தக் கருவியைப் பயன்படுத்த வேண்டாம் என்பது அதன் பரிந்துரை. அது தெரியாமல் பையனின் கையில் வயரைக் கட்டுகிறவர் தன் துறையில் என்ன நடக்கிறது என்பதைப் படிக்காதவர்.

குடும்பத்தோடு வேலை செய்யத் தெரிந்திருப்பதையும் கூடுதல் திறமை என்று எண்ணாதீர்கள். சார்லஸ் போர்டுவினும் சக ஆய்வாளர்களும் 48 சிறாரை வைத்து நடத்தி 2009-இல் வெளியிட்ட ஆய்வில், பெற்றோர், பள்ளி, நண்பர்கள் என எல்லோரையும் சேர்த்துக்கொண்ட சிகிச்சை பெற்றவர்களில் 8 சதவீதம் பேரே மீண்டும் பாலியல் குற்றத்தில் சிக்கினர்; வழக்கமான சேவைகளைப் பெற்றவர்களில் 46 சதவீதம். எண்ணிக்கை சிறியது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பையனை மட்டும் அறைக்குள் அழைத்துக் கதவைச் சாத்திக்கொள்ளும் நம் பழக்கத்தைக் கேள்வி கேட்க அது போதும்.

சட்டத்தையும் அறிந்திருக்க வேண்டும். எதை ரகசியமாக வைக்கலாம், எதைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும் என்பதை முதல் நாளே, பிள்ளைக்குப் புரியும் மொழியில் சொல்லிவிட வேண்டும்.

இவ்வளவையும் யார் சரிபார்ப்பது? சில இடங்களில் எழுதப்பட்ட விதி இருக்கிறது. அமெரிக்க மாநிலமான கொலராடோவில் 1992-இல் சட்டத்தின் மூலம் ஒரு வாரியம் அமைந்தது. சிறாருக்குச் சிகிச்சை தருவோருக்கு அது தனித் தரவிதிகள் வைத்திருக்கிறது. இன்னொரு மாநிலமான டெக்சாஸில் பாலியல் குற்றவாளிகளுக்குச் சிகிச்சை தரத் தனி உரிமமே தேவை. பல இடங்களில் அப்படி எதுவும் இல்லை. விதி இல்லாத இடத்தில் மேற்பார்வைதான் விதி. ஆண்டுக்கொருமுறை சான்றிதழில் கையெழுத்துப் போடுவதை மேற்பார்வை என்று நான் சொல்லவில்லை. வாரந்தோறும் கோப்பைத் திறந்து, பையன் எந்த வகுப்பு என்று கேட்கிறவர் வேண்டும். உங்களுக்குள் எழும் அருவருப்பை அவரிடம் சொல்ல முடியவேண்டும். அருவருப்பைப் போலவே ஆபத்தான இன்னொன்றும் உண்டு. பிள்ளைமேல் இரக்கம் பெருகி, நடந்ததைச் சிறிதாக்கிப் பார்க்கத் தொடங்குவோம். நமக்கு அது தெரியாது. வெளியே இருந்து பார்க்கிறவருக்குத் தெரியும்.

போன மாதம் ஒரு தாய், மகனை வெளியே உட்காரவைத்துவிட்டுத் தனியாக என் அறைக்கு வந்தார். நாற்காலி நுனியில் அமர்ந்து, கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி கேட்டார்: "இவன் வயதுப் பிள்ளைகளை இதற்கு முன் பார்த்திருக்கிறீர்களா? நீங்கள் தவறு செய்தால் உங்களுக்கு யார் சொல்வார்கள்?"

எத்தனை ஆண்டுகளாகப் பார்க்கிறேன் என்று சொன்னேன். பிறகு என் வேலையை மேற்பார்வை செய்கிறவரின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். அதன் பிறகுதான் மகனை உள்ளே அழைத்தார். நான் அவனிடம் முதலில் கேட்டது, எந்த வகுப்பில் படிக்கிறாய் என்றுதான்.