செல்லோட சார்ஜ் என்னிக்கும் இறங்கினதில்ல

எல்லாருக்கும் வணக்கம். பின்னாடி உக்காந்திருக்கிறவங்களுக்கு கேக்குதா? சரி. நோட்டீஸ்ல "செல் எப்படி சக்தி எடுக்குது, எப்படி பிரியுது"ன்னு போட்டிருக்காங்க. ஸ்கூல்ல இது ரெண்டையும் தனித்தனியா தான் படிச்சிருப்பீங்க, சுவாசம் ஒரு சாப்டர், செல் பிரிதல் வேற ஏதோ ஒரு சாப்டர், பரிணாமம் கடைசில, அதுக்குள்ள பரிட்சை வந்துடும். என் கட்சி என்னன்னா மூணும் ஒரே கதை. எப்படின்னு முடிஞ்ச வரைக்கும் சொல்றேன்.

எதுக்கு மூச்சு விடுறோம்னு எந்தப் பையன்கிட்ட கேட்டாலும் ஆக்ஸிஜன் வேணும்ல சார்ம்பான், ஆக்ஸிஜன் எதுக்குன்னா சாப்பிட்டதை எரிக்கன்னு சொல்லுவான். தப்பில்ல. ஆனா எரிச்சா சூடு தானே வரும், அந்த சூட்டை வெச்சு செல்லால எந்த வேலையும் செய்ய முடியாது. செல்லுக்கு வேண்டியது ஏடிபி, அதாவது அடினோசின் ட்ரைபாஸ்பேட். தசை சுருங்கணுமா, நரம்புல சிக்னல் போகணுமா, புது புரதம் கட்டணுமா, எல்லாத்துக்கும் இது தான் செலவாகுது. உங்க உடம்புல இந்த நிமிஷம் இருக்கிற ஏடிபி ஒரு 100 கிராம் பக்கம் தான் இருக்கும். ஆனா ஒரு நாளைக்கு நீங்க செலவு பண்றது கிட்டத்தட்ட உங்க எடை அளவுக்கு! அதே மூலக்கூறு உடைஞ்சு, திரும்ப ஒட்டி, மறுபடி உடைஞ்சு, நூத்துக்கணக்கான தடவை சுத்திக்கிட்டே இருக்கு.

இந்த ஏடிபியை கண்டுபிடிச்சது 1929ல, ஒரே வருஷத்துல ரெண்டு இடத்துல. ஜெர்மனில கார்ல் லோமான், ஹார்வர்டுல சைரஸ் ஃபிஸ்க்கும் யெல்லப்ரகட சுப்பாராவும். சுப்பாராவ் 1895ல பீமாவரத்துல பிறந்தவர், அப்போ அது மெட்ராஸ் மாகாணம், படிச்சது நம்ம மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ். காந்தி பேச்சைக் கேட்டு கதர் சர்ஜிக்கல் கவுன் போட்டுக்கிட்டு போனாராம், சர்ஜரி புரொஃபசருக்கு அது பிடிக்கல, கடைசில எம்பிபிஎஸ் கிடைக்காம அதுக்கு ஒரு படி கீழான எல்எம்எஸ் தான் கொடுத்தாங்க. கொஞ்ச நாள் மெட்ராஸ்ல ஆயுர்வேத காலேஜ்ல அனாடமி சொல்லிக்கொடுத்துட்டு 1920களோட ஆரம்பத்துல பாஸ்டனுக்குப் போயிட்டார். யானைக்கால் நோய்க்கு வீடு வீடா வந்து கொடுக்கிறாங்களே டிஇசி மாத்திரை, அதுவும் பின்னாடி இவர் நடத்தின லேப்ல இருந்து வந்தது தான். இவருக்கு நோபல் கிடைக்கல. இவர் பேரை இந்த ஹால்ல எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கீங்கன்னு கை தூக்கச் சொல்லலாம்னு பார்த்தேன், வேண்டாம், உங்களை சங்கடப்படுத்த வரல.

சரி, ஏடிபி எப்படி உருவாகுது? குளுக்கோஸை பாதி உடைச்சா, அதாவது கிளைக்காலிசிஸ்ல, லாபம் ரெண்டே ரெண்டு ஏடிபி. செல்லுக்குள்ள இருக்கிற பவர்ஹவுஸான மைட்டோகாண்ட்ரியாவுக்குள்ள கொண்டுபோய் ஆக்ஸிஜன் வெச்சு முழுசா முடிச்சா மொத்தம் 30 பக்கம் வரும். அந்த மிச்சம் எங்க இருந்து வருதுங்கிறது தான் பெரிய புதிரா இருந்துச்சு. எல்லாரும் கெமிஸ்ட்ரி ஆளுங்க, அதனால நடுவுல ஏதோ ஒரு சக்தி வாய்ந்த மூலக்கூறு உருவாகி அது தான் ஏடிபியை செய்யுதுன்னு முடிவு கட்டி, அதைத் தேடோ தேடுன்னு தேடினாங்க, கிடைச்சிடுச்சுன்னு பேப்பர் வரும், அப்புறம் சத்தமில்லாம அமுங்கிடும். கிடைக்கல, ஏன்னா அப்படி ஒண்ணு இல்லவே இல்ல.

1961ல பீட்டர் மிட்செல்னு ஒரு இங்கிலீஷ்காரர் நேச்சர் பத்திரிகைல ஒரு பேப்பர் போட்டார். மூலக்கூறைத் தேடாதீங்க, சவ்வைப் பாருங்கன்னார், அதாவது மைட்டோகாண்ட்ரியாவுக்கு உள்ள இருக்கிற மெல்லிசான கொழுப்புத் தோல். சாப்பாட்டுல இருந்து உருவுன எலெக்ட்ரான் சவ்வுல இருக்கிற புரதங்கள் வழியா கைமாறி கைமாறி ஆக்ஸிஜன் கிட்ட போகுது, போற வழில கிடைக்கிற சக்தியை வெச்சு அந்தப் புரதங்கள் புரோட்டானை, அதாவது எலெக்ட்ரான் இல்லாத ஹைட்ரஜனை, சவ்வுக்கு வெளில தள்ளுது. வெளில புரோட்டான் சேர சேர அது உள்ள வரத் துடிக்கும். வர்றதுக்கு ஒரே வாசல், அதுல ஒரு மெஷின். அணைல தண்ணியைத் தேக்கி டர்பைன் வழியா விடுறோம்ல, அதே தான், தண்ணிக்கு பதிலா புரோட்டான்.

யாரும் நம்பல. அந்தாளுக்கு அல்சர் வேற, 1963ல எடின்பரோ யுனிவர்சிட்டி வேலையை விட்டுட்டு கார்ன்வால்ல இடிஞ்சு கிடந்த ஒரு பெரிய பங்களாவை வாங்கி, கொத்தனார் வேலையைக் கூட நின்னு பார்த்து, ஒரு பக்கம் வீடு ஒரு பக்கம் லேப்னு ஆக்கி, ஜெனிஃபர் மாய்ல்னு கூட வேலை பார்த்த விஞ்ஞானியையும் சேர்த்துக்கிட்டு அங்கேயே ஆராய்ச்சி பண்ணார். (குடும்பத்துல காசு இருந்துச்சு, அதையும் சொல்லிடணும், எல்லாராலயும் முடியுற காரியம் இல்ல.) 1966ல யாகன்டார்ஃப்னு ஒருத்தர் அமெரிக்காவுல ஒரு சோதனை பண்ணார், இது எனக்கு ரொம்பப் பிடிச்ச சோதனை. கீரைல இருந்து குளோரோபிளாஸ்டை, அதாவது வெளிச்சத்தை வெச்சு ஏடிபி செய்யுற பச்சைப் பகுதியை எடுத்து இருட்டுல அமிலத்துல ஊறப் போட்டு, உள்ள வரைக்கும் அமிலம் ஏறினதும் டக்குனு காரத் தண்ணிக்கு மாத்தினார். வெளிச்சமே இல்லாம ஏடிபி வந்துடுச்சு! உள்ளுக்கும் வெளிக்கும் புரோட்டான் வித்தியாசம் இருந்தா போதும்னு ஆச்சு. 1974ல ரேக்கரும் ஸ்டோக்கேனியஸும் இன்னும் ஒரு படி மேல போனாங்க, உப்புத் தண்ணி பாக்டீரியாவுல இருந்து வெளிச்சம் பட்டா புரோட்டானைத் தள்ளுற ஒரு புரதம், மாட்டு இதயத்துல இருந்து ஏடிபி மெஷின், ரெண்டையும் ஒரு கொழுப்புக் குமிழில சேர்த்து வெச்சு லைட்டைப் போட்டாங்க, ஏடிபி வந்துச்சு. ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாத ரெண்டு பார்ட், நடுவுல புரோட்டான் மட்டும் தான் தூது. 1978ல மிட்செலுக்கு நோபல், தனியா.

அந்த மெஷின் டர்பைன்னு சொன்னது சும்மா உவமை இல்ல, நிஜமாவே சுத்துது. 1997ல ஜப்பான்ல அதோட அச்சுல ஆக்டின்ங்கிற புரத இழை ஒண்ணை ஒட்டி மைக்ராஸ்கோப்ல பார்த்தாங்க, சுத்துறது கண்ணுக்கே தெரிஞ்சுது. செகண்டுக்கு நூறு சுத்துக்கு மேல, ஒரு சுத்துக்கு மூணு ஏடிபி. சவ்வுக்கு ரெண்டு பக்கமும் வோல்டேஜ் வித்தியாசம் 150 மில்லிவோல்ட் தான், இவ்வளவு தானான்னு கேப்பீங்க, ஆனா சவ்வோட தடிமன் 5 நானோமீட்டர், கணக்கு போட்டா ஒரு மீட்டருக்கு 3 கோடி வோல்ட் வருது.

இங்க தான் பரிணாமம் உள்ள வருது. பாக்டீரியாவா இருந்தாலும் சரி, ஆர்க்கியாவா (பாக்டீரியா மாதிரியே இருக்கிற ஆனா தனி வம்சமான நுண்ணுயிர்) இருந்தாலும் சரி, கீரையா இருந்தாலும் நானா இருந்தாலும் இதே புரோட்டான் வேலை தான். இட்லி மாவைப் புளிக்க வைக்கிற லாக்டிக் பாக்டீரியா இருக்கே, அதுல பலதுக்கு ஆக்ஸிஜன் வெச்சு சுவாசிக்கிற ஏற்பாடே கிடையாது, சர்க்கரையை பாதி உடைச்சு வர்ற அந்தக் கொஞ்சம் ஏடிபில தான் பிழைப்பு. அதுவே என்ன பண்ணுது தெரியுமா, சம்பாதிச்ச ஏடிபியை செலவு பண்ணி அதே டர்பைனை ரிவர்ஸ்ல ஓட்டி புரோட்டானை வெளில தள்ளி சவ்வை சார்ஜ்ல வெச்சுக்குது. வருமானமே இல்லாத வீட்டுலயும் இந்த ஒரு செலவை மட்டும் நிறுத்தல. அப்போ இது எவ்வளவு பழைய பழக்கமா இருக்கணும்!

காத்துல ஆக்ஸிஜன் சேர ஆரம்பிச்சதே 240 கோடி வருஷத்துக்கு முன்னாடி தான், உயிர் அதுக்கு 100 கோடி வருஷத்துக்கு மேல மூத்தது. அதனால ஆக்ஸிஜன் இந்தக் கதைல லேட்டா வந்த ஆள், எலெக்ட்ரானை கடைசில வாங்கிக்கிற வேலைக்கு சேர்ந்துச்சு, அவ்வளவு தான். அதுக்கு முன்னாடியும் சவ்வு இருந்துச்சு, புரோட்டான் ஓட்டம் இருந்துச்சு. முதல்ல எங்க இருந்து வந்துச்சு? மைக் ரஸல்னு ஒரு ஜியாலஜிஸ்ட், கடலடில காரத் தண்ணி ஊறுற ஊத்து இருந்திருக்கணும், அங்க தான் ஆரம்பிச்சிருக்கும்னு சொல்லிக்கிட்டிருந்தார். 2000 டிசம்பர்ல அட்லாண்டிக் அடில லாஸ்ட் சிட்டினு ஒரு இடத்தைக் கண்டுபிடிச்சாங்க, கிட்டத்தட்ட அவர் சொன்ன மாதிரியே, வெள்ளை வெள்ளையா சுண்ணாம்பு கோபுரங்கள், உள்ள நுண்ணிய துளைகள், பிஹெச் 9ல இருந்து 11, ஹைட்ரஜன் வாயு நிறைய. அந்தக் காலத்துக் கடல் கார்பன் டை ஆக்ஸைடு கரைஞ்சு லேசா அமிலமா இருந்திருக்கும், ஊத்து உள்ள காரம், வெளில அமிலம், நடுவுல மெல்லிசா கல்சுவர். யாரும் பம்ப் பண்ணாமலேயே புரோட்டான் வித்தியாசம் ரெடியா இருக்கு. யாகன்டார்ஃப் கீரைக்கு செஞ்சதை பூமி தானே செஞ்சுக்கிட்டு இருந்திருக்கு. இது நிரூபணம் ஆகலைங்க, கடலுக்குள்ள இல்ல, காஞ்சு காஞ்சு நனையுற குட்டைல தான் ஆரம்பிச்சதுன்னு சொல்ற கோஷ்டியும் வலுவா இருக்கு. என் சாய்வு கடல் பக்கம்.

இப்ப செல் பிரிதல். ஸ்கூல்ல பிரிதல்னாலே குரோமோசோம் படம் தான், புரோஃபேஸ் மெட்டாஃபேஸ்னு வரைஞ்சு கலர் அடிச்சே நமக்கு கை வலிச்சிருக்கும். அதனால என்ன ஆச்சுன்னா மரபுல போறது டிஎன்ஏ மட்டும் தான்னு மனசுல பதிஞ்சு போச்சு. ஈ கோலை பாக்டீரியா நல்ல சாப்பாடு கிடைச்சா 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை பிரியுது. ஆனா அதோட டிஎன்ஏவை காப்பி எடுக்கவே 40 நிமிஷம் ஆகும்! எப்படி சமாளிக்குதுன்னா, முதல் காப்பி முடியுறதுக்குள்ள அடுத்த காப்பியை ஆரம்பிச்சிடுது, பிறக்கும்போதே பேத்திக்கான காப்பி பாதி ஓடிக்கிட்டிருக்கு. இவ்வளவு அவசரத்துலயும் சவ்வோட சார்ஜை மட்டும் விடாது. நடுவுல இறுக்கிப் பிரியும்போது ரெண்டு பாதியும் சார்ஜோடயே பிரியுது. 2010ல பேசில்லஸ் சப்டிலிஸ்ங்கிற பாக்டீரியாவுல பார்த்தாங்க, சவ்வு வோல்டேஜை கலைச்சு விட்டா, எங்க பிரியணும்னு இடம் குறிக்கிற புரதங்களே இடம் தெரியாம சிதறிப் போயிடுது.

புது சவ்வை யாரும் ஒண்ணுமில்லாததுல இருந்து கட்டுறதில்ல, பழைய சவ்வுலயே கொழுப்பு சேர்த்து சேர்த்து வளர்த்து ரெண்டாக்குறாங்க. அந்த சவ்வு அதுக்கு முந்தின செல்லோடது, அது அதுக்கும் முந்தினதோடது. அப்படியே பின்னாடி போய்ப் பாருங்க, உங்க வம்சாவளில ஒரு இடத்துல கூட சார்ஜ் இறங்கியிருக்க முடியாது. இறங்கின கிளை எல்லாம் அங்கேயே முடிஞ்சு போச்சு.

மைட்டோகாண்ட்ரியாவும் அப்படித் தான். செல்லுக்கு அதை புதுசா செய்யத் தெரியாது, இருக்கிறது பிரிஞ்சா தான் உண்டு, ஏன்னா அதுவே ஒரு காலத்துல தனி பாக்டீரியா. 1967ல லின் மார்குலிஸ்னு ஒரு அமெரிக்க விஞ்ஞானி இதை எழுதினப்போ பதினஞ்சு ஜர்னல் பக்கம் திருப்பி அனுப்பினதா சொல்வாங்க. இன்னிக்கு அதுக்கு தனி டிஎன்ஏ இருக்கு, 16,569 எழுத்து, 37 ஜீன் மட்டும், அதுல புரதம் செய்யுறது 13, அந்த 13ம் இந்த புரோட்டான் வேலைக்கு தான். மீதி ஜீன்ல பெரும்பாலானது தொலைஞ்சது போக நியூக்ளியஸுக்கு இடம் மாறிடுச்சு. அப்பா பக்கத்து மைட்டோகாண்ட்ரியா கருமுட்டைக்குள்ள வந்தாலும் அழிஞ்சிடும், உங்களுக்கு கிடைச்சது முழுக்க அம்மாவோடது. அந்த பாக்டீரியாவை உள்ள வாங்கிக்கிட்டது ஒரு ஆர்க்கியா வகை, அதுக்கு சொந்தக்காரங்களை 2015ல கடலடி சேத்துல டிஎன்ஏவா கண்டுபிடிச்சாங்க, உயிரோட லேப்ல வளர்த்து 2020ல காட்டினது ஜப்பான் டீம், 12 வருஷம் ஆச்சு. ரெண்டு மூணு வாரத்துக்கு ஒரு தடவை தான் பிரியுதாம், ஈ கோலைக்கு 20 நிமிஷம்னு இப்ப தானே சொன்னேன்!

கேள்வி நேரத்துல ஒரு அம்மா கேட்டாங்க, கேன்சர் செல் சர்க்கரையில தான் வாழுதாமே, சர்க்கரையை நிறுத்தினா கேன்சர் பட்டினியாயிடும்னு வாட்ஸப்ல வருதே, நிஜமான்னு. பாதி நிஜம்மா. ஓட்டோ வார்பர்க்னு ஒரு ஜெர்மன் விஞ்ஞானி 1920கள்லயே பார்த்தார், ஆக்ஸிஜன் இருந்தும் கேன்சர் செல் குளுக்கோஸை பாதி உடைச்சே வெளில தள்ளுது, அந்த அளவுக்கு நிறைய குளுக்கோஸ் இழுக்குது, பெட் ஸ்கேன்ல கட்டி பளிச்சுனு தெரியுறதே அதனால தான். மைட்டோகாண்ட்ரியா கெட்டுப் போனதால தான் இப்படின்னு அவர் நினைச்சார், பெரும்பாலான கேன்சர்ல அது ஒழுங்கா தான் ஓடுது. வேகமா பிரியுற செல்லுக்கு ஏடிபி மட்டும் போதாது, ரெண்டாவது செல்லைக் கட்ட கார்பன் சரக்கு வேணும், டிஎன்ஏக்கு, சவ்வுக்கு. குளுக்கோஸை முழுசா எரிச்சுட்டா அந்தக் கார்பன் மூச்சுல போயிடும். ஆனா நீங்க சர்க்கரை சாப்பிடாட்டியும் கல்லீரல் குளுக்கோஸ் செஞ்சு ரத்தத்துல விட்டுக்கிட்டே தான் இருக்கும், இல்லேன்னா மூளை நின்னுடும். கட்டியும் குளுட்டமின் மாதிரி வேற சரக்கை எடுத்துக்கும். டாக்டர் சொல்ற சாப்பாட்டை சாப்பிடுங்கம்மா, அந்த மெசேஜை மட்டும் ஃபார்வர்டு பண்ணாதீங்க.