இனிஷியல் தெரிந்தது, பெயர் தெரியவில்லை

எல்லோருக்கும் வணக்கம். வளரும் நாடுகளில் காசநோயை எப்படிப் பின்தொடர்கிறோம் என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். தலைப்பைக் கேட்டதும் வரைபடமும் புள்ளிவிவரமும் வரும் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அதுவும் கொஞ்சம் வரும். ஆனால் நான் ஆய்வகத்தில் உட்கார்ந்து கண் எரிய ஸ்லைடு பார்த்தவன். அதனால் ஒரு சளிக் குப்பியிலிருந்து தொடங்குகிறேன்.

குப்பியைத் திறந்ததும் முதலில் பார்ப்பது, உள்ளே இருப்பது சளியா எச்சிலா என்பதைத்தான். பாதி நேரம் எச்சில்தான் இருக்கும். "ஆழமாக இருமித் துப்புங்கள்" என்று யாரும் நோயாளிக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். சரி, சளியே வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கெட்டியான, மஞ்சள் நிறப் பகுதியைக் குச்சியால் எடுத்து ஸ்லைடில் தேய்த்துக் காயவைக்க வேண்டும். கார்பால் ஃபுக்சின் என்ற சிவப்புச் சாயத்தை ஊற்றி, அடியில் சுடரைக் காட்ட வேண்டும். ஆவி வர வேண்டும், கொதிக்கக் கூடாது. கழுவிவிட்டு அமிலம் ஊற்றினால் மற்ற எல்லாம் சிவப்பை விட்டுவிடும். மெழுகு போன்ற சுவர் உள்ள ஒரு கூட்டம் மட்டும் விடாது. அதன் மேல் மெத்திலீன் நீலம். நுண்ணோக்கியில் வைத்தால் நீலப் பின்னணியில் மெல்லிய சிவப்புக் குச்சிகள் தெரியும். ராபர்ட் கோக் 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் உலகத்துக்கு அறிமுகப்படுத்திய கிருமி அது.

அப்படித்தான் நினைக்கிறோம். உண்மையில் அந்தச் சிவப்புக் குச்சி நமக்கு இனிஷியலை மட்டும்தான் சொல்கிறது, பெயரைச் சொல்வதில்லை. மைக்கோபாக்டீரியம் என்பது 150க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ள பெரிய குடும்பம். காசநோய்க் கிருமி அதில் ஒன்று. தொழுநோய்க் கிருமியும் அதே வீடுதான். மாட்டுக் காசநோய் தரும் போவிஸ், காய்ச்சாத பால் வழியாக மனிதனுக்கு வருவது, நெருங்கிய பங்காளி. ஆப்பிரிக்காவில் தோலையே தின்று புண்ணாக்கும் புருலி நோயின் அல்சரன்ஸும் சொந்தம்தான். இவை போதாதென்று மண்ணிலும் தண்ணீரிலும் தம் பாட்டுக்கு வாழும் ஏவியம், கன்சாசி, ஃபார்ச்சூயிட்டம் என்று ஒரு பட்டாளம். அந்தச் சாயத்தில் எல்லாமே சிவப்புதான்.

இந்தக் குழப்பத்துக்கு ஒரு பெரிய சாட்சி செங்கல்பட்டு. 1968இல் அங்கே காசநோய்க்கு எதிரான பிசிஜி தடுப்பூசிக்கான மாபெரும் சோதனை தொடங்கியது. லட்சக்கணக்கானோருக்கு ஊசி போட்டு, ஆண்டுக்கணக்காகப் பின்தொடர்ந்தார்கள். பிரிட்டனில் பள்ளிப் பிள்ளைகளுக்கு நல்ல பாதுகாப்புத் தந்த அதே வகை ஊசி. 1979இல் முதல் முடிவு வந்தபோது பலருக்கும் நம்ப முடியவில்லை. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை ஊசி தடுக்கவில்லை. பதினைந்து ஆண்டு முடிவும் அதையே சொன்னது. ஏன்? முன்வைக்கப்பட்ட காரணங்களில் ஒன்று, அந்தப் பகுதி மக்கள் சிறுவயதிலிருந்தே மண்ணிலும் தண்ணீரிலும் உள்ள மைக்கோபாக்டீரியாக்களோடு பழகிவிட்டார்கள், உடல் ஏற்கெனவே ஏதோ பாடம் படித்துவிட்டது, ஊசி புதிதாகக் கற்றுக்கொடுக்க ஒன்றும் மிச்சமில்லை என்பது. அங்கே மண்ணையும் தண்ணீரையும் சோதித்தபோது அந்தச் சொந்தக்காரர்கள் கிடைக்கத்தான் செய்தார்கள். மக்களின் சளியிலும் கிடைத்தார்கள். சளியில் இருந்தார்கள் என்பதற்காக நோய் தந்தார்கள் என்று அர்த்தமில்லை, வந்து போகிற விருந்தாளியாகவும் இருக்கலாம். அதனால்தான் இந்த வகைக் கிருமியை நோய் என்று சொல்ல ஒரு தடவை வளர்ந்தால் போதாது. சளியில் இரண்டு தடவையாவது வளர வேண்டும், எக்ஸ்ரேயும் உடம்பும் அதற்கு ஒத்துப்போக வேண்டும்.

"வளர்த்துப் பார்த்தால் பெயர் தெரிந்துவிடுமே" என்று கேட்பீர்கள். தெரியும். ஆனால் ஈ.கோலை கிருமி இருபது நிமிடத்தில் இரண்டாகும், காசநோய்க் கிருமிக்கு ஏறக்குறைய ஒரு நாள் வேண்டும். முட்டை கலந்த வளர்ப்பு ஊடகத்தில் விதைத்துவிட்டு மூன்று முதல் எட்டு வாரம் காத்திருக்க வேண்டும். நோயாளி காத்திருப்பாரா? தொழுநோய்க் கிருமியோ எந்த ஊடகத்திலும் வளரவே வளராது. அது தனி அடம்.

2010 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம், சளியில் கிருமியின் டிஎன்ஏவைத் தேடும் ஜீன்எக்ஸ்பர்ட் கருவிக்குப் பச்சைக்கொடி காட்டியது உண்மையிலேயே பெரிய திருப்பம். இரண்டு மணி நேரத்தில் காசநோய்க் கிருமி இருக்கிறதா, முக்கியக் காசநோய் மருந்தான ரிஃபாம்பிசினுக்கு அடங்குமா என்று சொல்லிவிடும். சாதாரண ஸ்லைடில் தெரிய ஒரு மில்லி சளியில் ஐந்தாயிரம் முதல் பத்தாயிரம் கிருமியாவது வேண்டும். இதற்குச் சில நூறுகூட வேண்டாம். ஸ்லைடில் சிவப்புக் குச்சி, எக்ஸ்பர்ட்டில் 'இல்லை' என்று வந்தால், அது மண்ணிலும் தண்ணீரிலும் வாழும் பங்காளியாக இருக்கலாம் என்று அப்போதே சந்தேகப்படலாம். இல்லாவிட்டால் என்ன ஆகும் தெரியுமா? காசநோய் மருந்து கொடுப்பார்கள், கேட்காது. கேட்கவில்லை என்றதும் 'மருந்துக்கு அடங்காத காசநோய்' என்று முத்திரை குத்தி இன்னும் கடுமையான மருந்து கொடுப்பார்கள். அந்த மனிதருக்குக் காசநோயே இருந்திருக்காது. ஆனால் இந்தக் கருவிக்கும் குறைகள் உண்டு. மின்சாரம் விட்டுவிட்டு வந்தால் முரண்டு பிடிக்கும். சளியை ஊற்றிச் செருகும் கார்ட்ரிட்ஜை 28 டிகிரிக்கு மேல் வைக்கக் கூடாது. முன்பே மருந்து சாப்பிட்டுக் குணமானவரின் சளியில் செத்த கிருமியின் டிஎன்ஏ இருந்தாலும் 'இருக்கிறது' என்று சொல்லிவிடும். போவிஸையும் மனிதக் காசநோயையும் அதனால் பிரிக்க முடியாது. பிரித்தால்தான் நல்லது, ஏனென்றால் காசநோய்க்குத் தரும் பைரசினமைடு மருந்து போவிஸிடம் எடுபடாது.

யாரிடமிருந்து யாருக்குத் தொற்றியது என்று பார்ப்பது அடுத்த படி. தொண்ணூறுகளில் இதற்கு ஒரு கைரேகை முறை வந்தது. ஐஎஸ்6110 என்ற டிஎன்ஏ துண்டு ஒரு கிருமியில் எத்தனை இடத்தில், எங்கெங்கே இருக்கிறது என்று பார்ப்பது. ஐரோப்பாவில் அழகாக வேலை செய்தது. தென்னிந்தியாவில் பார்த்தால் ஏராளமான கிருமிகளில் அந்தத் துண்டு ஒன்றே ஒன்றுதான், சிலவற்றில் அதுவும் இல்லை. விரலே இல்லாதவனிடம் போய்க் கைரேகை கேட்ட கதை. வேறு முறைகளைத் தேட வேண்டியதாயிற்று. எங்கோ செய்த கருவியை வாங்கி வருகிறவர்கள், அது நம்மிடம் இருக்கும் கிருமியைப் பார்த்துச் செய்ததா என்று முதலில் கேட்க வேண்டும் என்பது என் பழைய சண்டை. இப்போது முழு மரபணுவையும் வாசித்து, 44 லட்சம் எழுத்துகளில் எத்தனை எழுத்து மாறியிருக்கிறது என்று எண்ணுகிறார்கள். இரண்டு நோயாளிகளின் கிருமிக்கு ஐந்து எழுத்துக்குள் வித்தியாசம் என்றால் சமீபத்தில் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போயிருக்க வாய்ப்பு அதிகம்.

அப்புறம், பதிவேடு. எனக்குக் கிருமியைவிடப் பதிவேட்டின் மேல்தான் மரியாதை. செக் நாட்டு மருத்துவர் காரெல் ஸ்டிப்ளோ 1970களின் இறுதியில் தான்சானியாவில் செய்தது பெரிய விஞ்ஞானம் மாதிரியே தெரியாது. ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒரு நோட்டு. மூன்று மாதத்தில் சேர்ந்த நோயாளிகளை ஒரு தொகுதியாக வைத்து, அவர்களில் எத்தனை பேர் குணமானார்கள், எத்தனை பேர் இறந்தார்கள், எத்தனை பேர் பாதியில் காணாமல் போனார்கள் என்று கணக்கு. யாரையும் கணக்கிலிருந்து நழுவ விடக் கூடாது, அவ்வளவுதான். பின்னாளில், நோயாளி மருந்து விழுங்குவதை நேரில் பார்த்து உறுதிசெய்யும் டாட்ஸ் திட்டமாக உலகம் முழுக்கப் பரவியதற்கு அடிப்படை அந்த நோட்டுதான்.

ஆனால் நோட்டில் ஏறாதவரை நோட்டு என்ன செய்யும்? 2023இல் உலகில் ஏறத்தாழ 1 கோடியே 8 லட்சம் பேருக்குக் காசநோய் வந்தது என்பது மதிப்பீடு. கண்டறிந்து பதிவானவர்கள் 82 லட்சம். இடையில் கால் கோடிக்கு மேல். பல நாடுகளில் வீடுவீடாகப் போய் அழைத்து எக்ஸ்ரே எடுத்துச் செய்த கணக்கெடுப்புகளில், நோய் உறுதியானவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் தமக்கு இருமல் போன்ற எந்த அறிகுறியும் இல்லை என்றே சொல்லியிருக்கிறார்கள். இருமலோடு நம்மைத் தேடி வருகிறவருக்காகக் காத்திருக்கும் ஏற்பாட்டில் அவர்கள் எப்படிச் சிக்குவார்கள்?

கடைசியாக என் சொந்தக் கதை ஒன்று. பெருமைப்படும் கதை இல்லை. நான் வேலை பார்த்த ஓர் ஆய்வகத்தில் ஒரு வாரம் திடீரென்று 'ஸ்கேன்டி' முடிவுகள் குவிந்தன. நுண்ணோக்கியில் ஒரு நேரத்தில் தெரியும் வட்டம் ஒரு புலம்; அப்படி நூறு புலங்கள் பார்த்தால் ஒன்றிலிருந்து ஒன்பது குச்சி தெரிவதை அப்படிச் சொல்வோம். ஒரே வாரத்தில் ஒன்பது பேர். நோய் பரவுகிறது என்று அலறினோம். ஒன்பது பேருக்கும் மருந்து தொடங்கியாயிற்று. அப்புறம் எனக்கே சந்தேகம் வந்து, சளியே தேய்க்காத வெறும் ஸ்லைடு ஒன்றுக்குச் சாயம் போட்டுப் பார்த்தேன். அதிலும் இரண்டு சிவப்புக் குச்சி! தேடிப் பார்த்தால், ஸ்லைடு கழுவும் குழாயில் மாட்டியிருந்த பழைய ரப்பர் குழல். உள்ளே வழவழவென்று பாசி. தண்ணீரில் வாழும் பங்காளிகள் அங்கே குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தார்கள். குழலைக் கழற்றி எறிந்தோம், காய்ச்சி வடித்த தண்ணீருக்கு மாறினோம், ஒன்பது பேரையும் திரும்பக் கூப்பிட்டுப் புதிதாகச் சளி எடுக்கப் பதிவேட்டைத் திறந்தோம்.

எட்டுப் பேர் கிடைத்தார்கள். ஏழு பேருக்கு ஒன்றுமில்லை, ஒருவருக்கு மட்டும் உண்மையிலேயே காசநோய். ஒன்பதாமவருக்கு முகவரிக் கட்டத்தில் 'பாலத்துக்குப் பக்கத்தில்' என்று மட்டும் எழுதியிருந்தது. எழுதியது என் கையெழுத்து. அந்த ஊரில் மூன்று பாலங்கள். மூன்றுக்கும் போய் விசாரித்தோம்.